கழுத்துப் பித்தான்

இந்தத் தலகாணியத்தானே பாக்கறீங்க? பாருங்க, தப்பில்ல. தஞ்சாவூர்ல பஸ் ஏறினதுலேருந்து எல்லாரும் இதைத்தான் பாக்கறாங்க. கண்டக்டர் தம்பிகூட, "என்னம்மா, பட்டுக்கோட்டை வரைக்கும் தூக்கமா?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. தூங்கறதுக்கு இல்ல இது, இருமறதுக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். நெஞ்சை நடுவுல அறுத்துத் திறந்து, வேலையை முடிச்சு, எலும்பைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்காங்க. இருமல் வந்தா, தும்மல் வந்தா, பஸ் பள்ளத்துல இறங்கினா இதைக் கட்டிப் பிடிச்சுக்கணும். இப்ப எல்லாம் ஆறிப்போச்சு, தேவையே இல்ல. ஆனா கையில இல்லாட்டி எதையோ வீட்டுல மறந்துட்டு வந்த மாதிரி இருக்கு. உறை எப்படி இருக்கு? எங்க வீட்டுக்காரரு தச்சது. அவரு தையல்காரரு. சட்டை வெட்டின மிச்சத்துல தச்சாரு. அதான் கறுப்பு.

அதோ, அந்தப் பக்கம், முன்னாடி மூணாவது சீட்டுல, மொட்டைத் தலை, கறுப்புச் சட்டை, இந்த வெயில்லயும் கழுத்துப் பித்தானை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான். பேரு வெற்றியழகன். அப்பா அம்மா வச்ச பேரு வைத்திலிங்கம். பகுத்தறிவு மன்றத்துல சேந்ததும் மாத்திக்கிட்டாரு. என் பேரு செங்கமலம். அதுவும் சாமி பேரு, மாத்தணும்னாரு. கல்யாணம் ஆன புதுசுல 'தமிழ்க்கொடி, தமிழ்க்கொடி'ன்னு கூப்பிட்டுப் பாத்தாரு. நான் திரும்பியே பாக்கல. யாரோ பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சேன். ரெண்டு மாசத்துல விட்டுட்டாரு.

ஏன் தள்ளி உக்காந்திருக்காருன்னு கேக்க மாட்டீங்களா? நீங்க கேக்காட்டியும் நான் சொல்லப் போறேன். சண்டை. பஸ் ஸ்டாண்டுலயே ஆரம்பிச்சாச்சு. என் தாலி அவரு கழுத்துல கெடக்கு. அந்தப் பித்தானுக்கு உள்ள. இல்ல, உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. என் தாலி. அவரு கழுத்துல.

இருங்க, மொதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். நான் அதிகம் பேசறவ இல்ல, சுருக்கமாவே சொல்லிடறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடியே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. கொடத்தைத் தூக்கினா வாங்கும், மாடிப்படி ஏறினா வாங்கும். வயசாகுதுன்னு விட்டுட்டேன். கார்த்திகையில ஒரு நாள் மார்க்கெட்ல வாழைப்பூவைக் கையில வச்சுக்கிட்டே கீழ விழுந்துட்டேன். அப்பறம் ஆஸ்பத்திரி. இதயத்துலேருந்து ரத்தம் வெளிய போற வாசல்ல ஒரு வால்வு இருக்காம், அது கெட்டியாகிச் சுருங்கிப்போச்சாம். கதவு முழுசாத் திறக்கல, இடுக்கு வழியாத்தான் ரத்தம் போகுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்தியே ஆகணும், இல்லாட்டி ஒரு நாள் விழுந்தா எந்திரிக்க மாட்டீங்கன்னு நேரடியாவே சொல்லிட்டாங்க. இவரு மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கென்ன பயம்?

மாட்டோட சவ்வுல செஞ்ச வால்வு வைக்கறோம்னாங்க. அதைக் கேட்டுட்டு என் நாத்தனா தனபாக்கியம், இவரோட அக்கா, ஒரே ஆர்ப்பாட்டம். "பசு மாடா, காளை மாடாடி?"ங்கறாங்க. எனக்கு எப்படித் தெரியும்? "டாக்டரைக் கேளு. பசுவா இருந்தா லட்சுமி, கவலையில்ல. காளையா இருந்தா உனக்குக் கோவம் வரும்"ங்கறாங்க. இவரு "அறிவியலைக் கேவலப்படுத்தாதே அக்கா"ன்னு கத்தறாரு. அந்தம்மா விடுவாங்களா? "வர்ற மாட்டுப் பொங்கலுக்கு உன் பொண்டாட்டிக்கும் சேத்துக் கொம்புக்கு வர்ணம் அடிடா"ன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல மூச்சு நின்னு போய் மாத்திரை போட வேண்டியதாயிருச்சு.

மாசி மாசம் ஆபரேஷன். அன்னிக்குக் காலையில நர்ஸ் பொண்ணு வந்துச்சு. ஜெனிட்டான்னு பேரு, நல்ல கலகலப்பான பொண்ணு. தோடு, மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாத்தையும் கழட்டிருங்கம்மான்னுச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, "உசுரே போனாலும் தாலியைக் கழட்ட மாட்டேன்"னு அழுதுக்கிட்டு இருந்தாங்க. இவரு அவங்களைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டாரு பாருங்க, மேடையில விடற மாதிரி. இவரு மேடைப் பேச்சை நீங்க கேட்டதில்லையே? "மாட்டுக்கும் கயிறு, மனுஷிக்கும் கயிறா?"ன்னு ஆரம்பிச்சாருன்னா கைதட்டு அள்ளும். எத்தனை வருஷமா எங்கிட்டயும் சொல்றாரு, கழட்டி வை, அது வெறும் கயிறுன்னு. நான்தான் காதுல வாங்கினதில்ல.

அன்னிக்கு நான் யோசிக்கவே இல்ல. மஞ்சள் சரடுல கோத்த தாலி, தலை வழியா எடுத்து அவரு கையில குடுத்தேன். "உங்க ஆசை நெறவேறிருச்சு, பையில போட்டுக்கங்க"ன்னேன். கையெல்லாம் ஒரே நடுக்கம். அங்க ஏசியை அப்படி வச்சிருக்காங்க. கண்ணுலயும் தண்ணி. ஸ்பிரிட் வாசனை எனக்கு ஆகாது. அவரு அதை உள்ளங்கையில வச்சுக்கிட்டு, புதுசாப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நின்னாரு. அதுக்குள்ள என்னைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. அந்தக் கதையைச் சொன்னா உங்களுக்கு மயக்கம் வரும், விடுங்க. வார்டுக்கு வந்ததும் நாத்தனா ஒரு மஞ்சக் கிழங்கை மஞ்சக் கயித்துல கட்டிக் கொண்டாந்து என் கழுத்துல போட்டாங்க. புருஷன் இருக்கறவ வெறுங்கழுத்தா இருக்கக் கூடாதுன்னு. இதோ பாருங்க, அதான் இது. தாலி எங்கன்னு இவரைக் கேட்டேன். "பத்திரமா இருக்கு, தையல் ஆறட்டும்"னாரு. பீரோவுல இருக்குன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரு என்னைப் பாத்துக்கிட்டதைச் சொல்லணும். கையைத் தூக்கக் கூடாது, கனம் எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ரவிக்கையை எப்படிப் போடறது? முன்பக்கம் ஒட்டற பட்டி வச்சு, கை அகலமா, காயத்துல படாம, புதுசா ஒரு தினுசுல தச்சாரு. அவருக்கும் புதுச் சட்டை தச்சுக்கிட்டாரு. பழைய சட்டையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. காலரைப் பாத்தா அரை இஞ்ச் ஏத்தி வச்சிருக்காரு. என்னங்க இதுன்னேன். "இப்ப இதுதான் பேஷன்"னாரு. அறுபது வயசுல பேஷன். நானும் நம்பினேன். கழுத்துப் பித்தானை எப்பவும் மாட்டியே வச்சிருந்தாரு. குளிக்கப் போனா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கறாரு. நம்ம வீட்டுல யாரு வந்து பாக்கப் போறா? வயசானா கூச்சம் வரும் போலன்னு விட்டுட்டேன்.

பங்குனியில ஆரம்பிச்சுது வினை. நெஞ்சுக்குள்ள திடீர்னு கெண்டை மீனைத் தரையில போட்ட மாதிரி ஒரு துள்ளல். துள்ளும், நிக்கும், மறுபடி துள்ளும். எனக்குத் தெரியும், அது வாயு. உருளைக்கிழங்கு சாப்பிட்டிருந்தேன். ஓமத் தண்ணி வச்சுக் குடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. பயம்லாம் ஒண்ணும் இல்ல. மறுபடி அந்த ஆஸ்பத்திரி இட்லியை யாரு சாப்பிடறதுங்கறதுதான். அதோட அந்த வாரம் அவருக்கு மன்றத்துல கூட்டம் வேற. நம்மளால எதுக்குக் கெடணும்?

தெனம் காலையில மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாக்கணும்னு டாக்டரம்மா அவருகிட்ட சொல்லியிருந்தாங்க. ரெண்டு நாளு நான் ஏமாத்தினேன். ஒரு நாளு கையில மாவுன்னேன், ஒரு நாளு சாமிக்குப் பூத் தொடுக்கறேன் தொடாதீங்கன்னேன். பூவுன்னா அவரு கிட்ட வர மாட்டாரு. மூணாவது நாளு தூங்கிக்கிட்டு இருந்தப்ப பிடிச்சுட்டாரு. கண்ணைத் திறந்து பாத்தா, கட்டில் ஓரத்துல உக்காந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உதட்டை அசைச்சு எண்ணிக்கிட்டு இருக்காரு. எண்ணிக்கிட்டே அழுகறாரு. "ஒண்ணு வருது, ரெண்டு வருது, அப்பறம் காணோம் செங்கமலம். அப்பறம் மூணும் சேந்து ஓடியாருது. எத்தனை நாளா?"ன்னாரு. ஓமத் தண்ணி குடிச்சேன்னேன். அன்னிக்கு அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்குத் திட்டியிருக்கலாம்.

ஓடினோம் தஞ்சாவூருக்கு. இந்த ஆபரேஷனுக்கு அப்பறம் செல பேருக்கு இப்படித் தாளம் தப்புமாம். அப்படியே விட்டா ரத்தம் உள்ள தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போயிரும், கை கால் விழுந்திரும், பேச்சு போயிரும்னாங்க. பேச்சுன்னதும் எனக்குக் கொஞ்சம் திக்குன்னுச்சு. மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, கேக்கல. சரி, மயக்க மருந்து குடுத்து நெஞ்சுல கரண்டு வச்சு ஒரு தட்டுத் தட்டி சரிபண்ணிரலாம், செவ்வாய்க்கிழமை வச்சுக்கலாம்னாங்க.

இனிமேதான் கூத்து. இதை ஜெனிட்டா எனக்கு நடிச்சே காட்டுச்சு. நான் மயக்கத்துல இருக்கேன். கதவு லேசாத் திறந்திருக்கு. கரண்டு குடுத்ததும் என் உடம்பு கட்டில்லேருந்து ஒரு எகிறு எகிறிச்சாம். வெளிய நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த இவரு, "ஐயோ செங்கமலம்!"னு ஒரு சத்தம் போட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. தூக்கிட்டு வந்து பக்கத்துக் கட்டில்ல போட்டு, இவருக்கும் இதயம்தானோன்னு ஈசிஜி எடுக்கறதுக்குச் சட்டையைத் திறந்தா... ஜெனிட்டா வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிருச்சாம். கறுப்புச் சட்டை, உள்ள வெள்ளை பனியன், பனியனுக்கு மேல மஞ்சள் சரடு, நடுநெஞ்சுல என் தாலி.

அதோட முடியல. மயக்கம் தெளிஞ்சுது. டெக்னீசியன் தம்பி, "ஐயா, அதைக் கழட்டிருங்க"ன்னுது. இவரு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. "உசுரே போனாலும் கழட்ட மாட்டேன்"னாரு. யாரு? இவரு! மாட்டுக்கும் கயிறு, மனுஷிக்கும் கயிறா! டாக்டரம்மா வந்து, "சரி, தோள் பக்கம் தள்ளி வச்சுக்கிட்டு எடுங்க"ன்னாங்களாம். அவங்களாலயும் சிரிப்பை அடக்க முடியல.

எனக்கு நெனவு வந்தப்ப ஜெனிட்டா சொன்ன மொதல் வார்த்தை, "அம்மா, உங்க துடிப்பு சரியாயிருச்சு." ரெண்டாவது வார்த்தை, "அம்மா, உங்க வீட்டுக்காரருக்குத் தாலி நல்லா இருக்கு." நான் தலையைத் திருப்பினேன். அங்க படுத்திருக்காரு, நெஞ்சு பூரா ஒயரு, தோள்ல தாலி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு பாருங்க, இந்தத் தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். எலும்பெல்லாம் வலிக்குது, சிரிப்பு நிக்கல. மானிட்டர்ல கோடு தாறுமாறாப் போவுது. எல்லாரும் பதறி ஓடியாறாங்க. "ஒண்ணும் இல்ல, அந்தம்மா சிரிக்கறாங்க"ன்னு ஜெனிட்டா எல்லாரையும் திருப்பி அனுப்புச்சு.

அவருக்கு இதயம்லாம் இரும்பு மாதிரி இருக்காம். பட்டினி, அதான் மயக்கம்னாங்க. காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ஏங்க சாப்பிடலன்னா, செவ்வாய்க்கிழமை கேண்டீன்ல சாப்பாடு வாய்க்கு விளங்காதுங்கறாரு. வீட்டுலயும் நான் கவனிச்சேன், மாசியிலேருந்து செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவருக்கு வயிறு மந்தமாயிருது. இந்த வயசுல அப்படித்தான்.

அப்பறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. ஆபரேஷன் அன்னிக்கு எங்க வைக்கறதுன்னு தெரியலையாம், பையில போட்டாத் தொலைஞ்சு போயிரும்னு கழுத்துல மாட்டிக்கிட்டாராம். அன்னிக்கு நான் பொழச்சு வந்தேன். அதுலேருந்து கழட்டறதுக்குக் கை வரலையாம். "இதுல மூடநம்பிக்கை ஒண்ணும் இல்ல. பத்திரத்துக்காக"ங்கறாரு. அவரு தலைக்குச் சரடு நுழையல. என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? பின்பக்கம் முடிச்சை அவுத்து, ஒரு முனையில சின்னதா நூல் வளையம் பின்னி, மறு முனையில சட்டைப் பித்தான் தச்சிருக்காரு. நாலு துளை, வெள்ளைப் பித்தான். தாலிக்குப் பித்தான் வச்ச ஆம்பளை இந்த ஜில்லாவுலயே இவரு ஒருத்தருதான். பங்குனியில மன்றத்துல கூட்டம்னேனே, அன்னிக்கு இவரு பேசின தலைப்பு என்ன தெரியுமா? 'கயிறுகளை அறுப்போம்.' அதைப் போட்டுக்கிட்டே பேசியிருக்காரு. நல்ல கைதட்டாம்.

அன்னிக்கு அவரு எனக்கு ஒரு வாக்குக் குடுத்தாரு. "துடிப்பு சரியா நின்னுருச்சுன்னு டாக்டர் வாயால சொல்லட்டும், அன்னிக்குக் குடுத்துடறேன்." சரின்னேன்.

சித்திரையில அவருக்குச் சீர்காழிப் பக்கம் ஏதோ கூட்டம். போயிட்டு மொட்டைத் தலையோட வந்து நிக்கறாரு. மீசையும் போச்சு. எனக்கு அடையாளமே தெரியல, யாரு வேணும்னு கேட்டுட்டேன். "வெயில் தாங்கல, அதான்"னாரு. அங்க என்ன நம்மூரை விடவா வெயில் அடிக்குது? சட்டையைத் தொவைக்க எடுத்தா பையில ஒரு பொட்டலம், உப்பும் மிளகும். என்னங்க இதுன்னா, "பஸ்ல அவிச்ச முட்டை வாங்கினேன், அதுக்குத் தொட்டுக்க"ங்கறாரு. முட்டைக்கு இவ்வளவு உப்பா? ரத்தக் கொதிப்பு வரும்னு நல்லாத் திட்டினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டாரு.

என்னது? வைத்தீஸ்வரன் கோயில் அந்தப் பக்கம்தானா? நோய் தீரணும்னு உப்பும் மிளகும் அங்கதான் போடுவாங்களா? அட, நீங்க ஒண்ணு! இவராவது கோயிலுக்குப் போறதாவது! கல்யாணத்துக்குக் கூட எங்க குலசாமி கோயில் வாசல்ல, வெளியவே நின்னுக்கிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, செருப்பைப் பாத்துக்கறேன்"னாரு. நல்லா சொன்னீங்க போங்க. முட்டைக்குத்தான் அது.

இன்னிக்குக் கதைக்கு வாரேன். இப்ப ஆஸ்பத்திரியிலேருந்துதான் வர்றோம். ஈசிஜி எடுத்தாங்க, ஒரு நாள் பூரா மிஷினை மாட்டிவிட்டு எடுத்ததையும் பாத்தாங்க. டாக்டரம்மா அந்தத் தாளை விரிச்சுக் காட்டி, "பாருங்க, தையல் மிஷின்ல ஓடின மாதிரி ஒரே சீரா இருக்கு"ன்னாங்க. ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. எல்லா வேலையும் செய்யலாம், நகை நட்டு போட்டுக்கலாம்னாங்க. அதைச் சொல்றப்ப இவரு கழுத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. இவரு அந்தத் தாளை வாங்கி மடிச்சு, சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்"னு போனாரு. கண்ணெல்லாம் செவந்து வந்தாரு.

பஸ் ஸ்டாண்டுல வந்து, "சரி, இந்தா"ன்னு கழட்டப் போனாரு. நான், "கையில குடுக்க வேண்டாம். கழுத்துல போட்டு விடுங்க"ன்னேன். அவ்வளவுதான். முறுக்கிக்கிட்டாரு. "நான் கட்ட மாட்டேன். அது கொள்கை. ஒரு தடவை உங்க அம்மாவுக்காகக் கட்டினதே போதும்"ங்கறாரு.

அந்த ஒரு தடவையைச் சொல்றேன், கேளுங்க. ஒரத்தநாட்டுல எங்க வீட்டு வாசல்ல பந்தல். தாலி கட்டலன்னா பொண்ணு கிடையாதுன்னு எங்க அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க. இவரு கட்டினாரு. எப்படி? என்னைப் பாக்கவே இல்ல. பந்தக்காலைப் பாத்துக்கிட்டே கட்டினாரு. ஒரு முடிச்சுதான் போட்டாரு, மிச்சம் ரெண்டையும் நாத்தனா போட்டாங்க. போட்டோவுல இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு. பாக்கறவங்க பந்தக்காலுக்குத்தான் தாலி கட்டறாருன்னு நெனச்சுக்குவாங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா மனசுல இருந்துச்சுங்க. இவரா ஆசைப்பட்டு என்னைக் கட்டலையே, எங்க அம்மா வாய்க்குப் பயந்துதானே கட்டினாருன்னு. கரண்டு வைக்கறதுக்கு முன்னாடி மயக்க மருந்து ஏறறப்ப எனக்குக் கடைசியா என்ன நெனப்பு வந்துச்சு தெரியுமா? அதுதான். இதைக் கேக்காமலே போயிருவோம் போலருக்கேன்னு. அப்ப எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. சொன்னா என்ன, ரொம்பப் பயமா இருந்துச்சு.

அதான் இன்னிக்கு நான் விடறதா இல்ல. அவருக்கும் வேற வழியில்ல. சாயங்காலம் பட்டுக்கோட்டையில கூட்டம், அவருதான் தலைமை. "வாங்கிக்க செங்கமலம், மேடை ஏறணும்"ங்கறாரு. "அதோடயே ஏறுங்க, நல்லாத்தானே பேசறீங்க"ன்னேன். "மேடையில வேர்த்து மயக்கம் வந்தா நாலு பேரு சட்டையைத் திறப்பாங்களே"ங்கறாரு. "திறக்கட்டும், நானே மைக்ல வந்து வெளக்கம் சொல்றேன்"னேன். கோவிச்சுக்கிட்டு அங்க போய் உக்காந்துட்டாரு. சூரக்கோட்டை தாண்டினதுலேருந்து எத்தனை தடவை திரும்பிப் பாத்துட்டாரு பாருங்க. கோவமாம்!

ஒரத்தநாடு வந்துருச்சா? எங்க ஊருதான். அந்த மெடிக்கல் கடைக்குப் பின்னால தெரு. இப்ப அங்க யாரும் இல்ல, எல்லாம் போய்ச் சேந்தாச்சு. இருங்க, இருங்க, எந்திரிச்சு வர்றாரு. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் பாருங்க.

என்னங்க? மாத்திரையா? போட்டாச்சு. தண்ணியும் குடிச்சேன். அப்பறம் என்ன? ஒரத்தநாடுதான், எனக்குத் தெரியாதா, நான் பொறந்த ஊரு... என்னது? மெதுவாப் பேசினா எனக்குக் கேக்கல. இவங்களா? இவங்களுக்கு எல்லாம் தெரியும், சொல்லிட்டேன். பரவால்ல, நல்ல மனுஷிதான், சத்தமாவே சொல்லுங்க.

கேட்டீங்களா? கேட்டீங்களா இவரு சொல்றதை? "முடிச்சுப் போட்டாத்தான் கட்டறது. பித்தான் போட்டா அது மாட்டறது. மாட்டி விடறதுல கொள்கைக்கு விரோதமா ஒண்ணும் இல்ல." அடேயப்பா! இந்த அரை மணி நேரமா அங்க உக்காந்து இதைத்தான் யோசிச்சீங்களா? சரிங்க, மாட்டி விடுங்க. யாரு வேண்டாம்னா?

இங்கயேதான். இந்தப் பஸ்லயேதான். வீட்டுக்குப் போனா உங்களுக்கு வேற கொள்கை வந்துரும். ஏம்மா, இந்தத் தலகாணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. மொதல்ல சட்டைப் பித்தானைக் கழட்டுங்க... ம். இப்ப அதை. பைய, பைய, நூலு அறுந்துரப் போவுது. ஐய, கை ஏன் இப்படி நடுங்குது உங்களுக்கு? இந்தப் பஸ்ல ஏசிகூட இல்லையே.

ஏங்க, என்ன ஜன்னலைப் பாக்கறீங்க? இங்க பந்தக்கால் ஒண்ணும் இல்ல. என் மூஞ்சியைப் பாத்து மாட்டுங்க.

ம். அப்படி.

கண்டக்டர் தம்பி! பஸ்ஸை எடுக்கப் போறீங்களா? அந்த விசிலை இப்ப ஊதுங்க சாமி, நல்லா நீளமா ஊதுங்க! மேளம் இல்லாத கொறை எதுக்கு?

மாட்டியாச்சா? விழுந்துருச்சா பித்தான் வளையத்துக்குள்ள? சரி, குனியுங்க. குனியுங்கங்கறேன்ல. இந்தாங்க, என் மஞ்சக் கயிறு. எனக்குத்தான் தாலி வந்துருச்சே, இது எனக்கு எதுக்கு? இத்தனை மாசமாப் போட்டுப் பழகின கழுத்து, கையை வச்சுத் தடவிக்கிட்டே நிக்கறீங்க. வெறுங்கழுத்தா இருக்கக் கூடாதுல்ல. கத்தாதீங்க, இதுக்கு முடிச்சும் கிடையாது ஒண்ணும் கிடையாது, தலை வழியாப் போடறதுதான். மொட்டைத் தலைக்கு வழுக்கிக்கிட்டுப் போவுது பாருங்க. பத்திரத்துக்காகன்னு வச்சுக்கங்க. போங்க, போய் உக்காருங்க, பஸ் ஆடுது, விழுந்துறாதீங்க.

பாத்தீங்களா? பாத்தீங்கல்ல? கழட்டி எறிஞ்சாரா? இல்ல. அதோ, உக்காந்ததும் மொத வேலையா என்ன பண்றாரு பாருங்க. கழுத்துப் பித்தானை மாட்டறாரு!

ஐயோ, தலகாணியைக் குடுங்க, என்னால சிரிக்க முடியல. நீங்க ஏன் கண்ணைத் தொடைக்கறீங்க? நான் பாருங்க, அழவே இல்ல. இது வெளியிலேருந்து தூசி வருது, அதான்.

இந்தாங்க, என் கையைப் பிடிங்க. இங்க, மணிக்கட்டுல, கட்டை விரலுக்குக் கீழ, லேசா அமுக்கிப் பாருங்க. கெடச்சுதா? ஓடுதா? ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் ஒரே இடைவெளிதானே? எங்கயும் காணாமப் போகலையே? மூணு சேந்து ஓடியாரலையே?

அதோ திரும்பிட்டாரு. ஜாடை காட்டறாரு பாருங்க, மணிக்கட்டைத் தொட்டு. எப்படி இருக்குன்னு கேக்கறாரு. நான் சொன்னா நம்ப மாட்டாருங்க, ஓமத் தண்ணி குடிச்சவளாச்சே. நீங்க சொல்லுங்க. நல்லா சத்தமா, அவரு காதுல விழற மாதிரி சொல்லுங்க.